செட்டப் ஃபைலை அழிக்கலாமா?

சி டிரைவில் இடம் தீர்ந்து பட்டை சிவப்பானதும் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். திறந்தால் வீடியோ பார்க்கும் விஎல்சியின் செட்டப், பிரிண்டரை இயக்கும் டிரைவர், எப்போதோ இறக்கிய ஹால் டிக்கெட், அப்புறம் ஒரே செட்டப் ஃபைல் பின்னால் (1), (2) என்று எண் போட்டுக்கொண்டு மூன்று தடவை. அழிக்கலாம் என்று கை போகும். அழித்தால் சாஃப்ட்வேர் ஓடாமல் போய்விடுமோ என்று அதே கை நின்றுவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை எதிலாவது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் பற்றி இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும்: "அண்ணே, செட்டப்ப தூக்கிட்டா டேலி போயிருமா?"

போகாது. ஆனால் எல்லா செட்டப்பையும் தூக்கிப் போடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது. இன்ஸ்டால் முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் மிச்சமாகக் கிடப்பவை எல்லாம் ஒரே வகை இல்லை. நாம் இறக்கி வைத்தது ஒன்று. விண்டோஸும் மற்ற சாஃப்ட்வேர்களும் தங்கள் தேவைக்குத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஃபைலின் பெயரைப் பார்த்து யோசிப்பதை விட, இதை இங்கே வைத்தது யார் என்று கேட்பது உபயோகமான கேள்வி. நாம் வைத்ததை நாம் அழிக்கலாம். விண்டோஸ் வைத்ததை விண்டோஸின் கையாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும்.

முதலில் செட்டப் ஃபைல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். விண்டோஸில் இது பெரும்பாலும் இஎக்ஸ்இ அல்லது எம்எஸ்ஐ என்ற முடிவோடு வரும். உள்ளே சாஃப்ட்வேரின் எல்லாப் பாகங்களும் சுருக்கிக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டு தடவை கிளிக் செய்ததும் அந்தக் கட்டு பிரிந்து, பாகங்கள் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய் உட்காரும். விண்டோஸ் குறிப்பு எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும், ஸ்டார்ட் மெனுவில் பெயர் ஏறும். அத்தோடு செட்டப்பின் வேலை முடிந்தது. கோபுரத் திருப்பணிக்குக் கட்டும் சவுக்குச் சாரம் மாதிரிதான். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தால் கோபுரம் ஒன்றும் இறங்கிவிடாது. நாளைக்கு நீங்கள் விஎல்சியைத் திறக்கும்போது ஓடுவது புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கிற விஎல்சி. டவுன்லோட்ஸில் கிடக்கும் செட்டப்பை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, புதிதாகக் கற்பவர்கள் அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். சில சாஃப்ட்வேர்களுக்கு இன்ஸ்டால் என்ற சமாச்சாரமே கிடையாது. இறக்கிய இஎக்ஸ்இ ஃபைலே சாஃப்ட்வேர். போர்ட்டபிள் என்று பெயரில் போட்டிருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பென்டிரைவில் விண்டோஸ் ஏற்ற உதவும் ரூஃபஸ் அப்படிப்பட்டது. ஜிப் ஃபைலாக வந்து, பிரித்த ஃபோல்டரிலிருந்தே நேராக ஓடுகிறவையும் உண்டு. இவற்றை "பழைய செட்டப்" என்று அழித்தால் சாஃப்ட்வேரே போய்விடும்.

எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அந்த சாஃப்ட்வேரின் ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் என்ற கட்டத்தில் ஒரு முகவரி இருக்கும். அது புரோகிராம் ஃபைல்ஸ் என்றோ, உங்கள் யூசர் பெயருக்குக் கீழே ஆப்டேட்டா என்றோ போனால், சாஃப்ட்வேர் தன் இடத்தில் குடியேறிவிட்டது. டவுன்லோட்ஸில் கிடப்பது வெறும் செட்டப். முகவரியே டவுன்லோட்ஸைக் காட்டினால் கை வைக்காதீர்கள். அந்த ஃபைலை டி டிரைவில் ஒரு நல்ல ஃபோல்டருக்கு மாற்றி, ஷார்ட்கட்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வெறும் செட்டப்தான் என்று உறுதியாகிவிட்டது. உடனே அழித்துவிடலாமா? இங்கே இன்னொரு கேள்வி வருகிறது: நாளைக்கு வேண்டும் என்றால் இது திரும்பக் கிடைக்குமா?

குரோம், ஃபயர்பாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆஃபீஸ், செவன்-ஜிப் போன்றவை எப்போது போனாலும் அவரவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதுவும் புதிய பதிப்பாகவே கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய பிரௌசர் செட்டப்பைப் பத்திரப்படுத்துவதில் எந்த லாபமும் இல்லை. பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பழைய பதிப்பை மறுபடி ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. தயங்காமல் அழியுங்கள். குரோம் மாதிரி சிலவற்றில் நாம் இறக்குவது முழு செட்டப்பே இல்லை, சின்ன ஃபைல்தான். அதைத் தட்டியதும் மீதியை அதுவே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நெட் இல்லாத இடத்தில் அதைக் காப்பாற்றி வைத்தும் பயனில்லை. விண்டோஸையே ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் 5 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இருப்பதால் அதையும் விட்டுவிடலாம். உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை பார்ப்பவர் என்றால் 5 ஜிபி என்பது ஒரு நாள் டேட்டாவையும் தாண்டிய சமாச்சாரம். அவர் அதைப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

திரும்பக் கிடைக்காத ரகத்துக்கு மதுரையில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காதணி விழா பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அச்சாகிற ஊர் இது. சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி கடையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. கடைக்காரரின் மகன் அதில் இடமில்லை என்று ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தான். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு ஃபோல்டர்: பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 சிடியின் நகல், படம் வரையும் பழைய கோரல்டிரா, பாமினி, வானவில் என்று எழுத்துருக்கள், ஒரு பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர். பையன் அதன் மேல் மவுஸை வைத்ததுமே கடைக்காரர் குரல் கொடுத்தார்: "ஏப்பா, அதுல மட்டும் கை வைக்காத. அந்தப் பக்கம் உன் சினிமாவெல்லாம் கெடக்குல்ல, அதத் தூக்கு."

அவர் சொன்னதில் முழு நியாயம் உண்டு. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்கு மேல் பெரிய பதிப்பு வரவில்லை, அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் இன்டிசைன் என்ற வேறு சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டது. அந்தக் கடையில் பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அந்த வடிவத்தில்தான் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அந்த சிடி நகல் இல்லாமல் அவற்றைத் திறப்பது பெரும்பாடு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லாத பழைய எழுத்துருக்களும் அப்படித்தான்: அதே எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். எழுத்துரு ஃபைல் பிடிக்கிற இடமும் ஒன்றுமில்லை, ஒரு செல்போன் போட்டோ அளவுகூட வராது. இடம் பண்ணுகிறேன் என்று அதை அழிப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். தமிழ் தட்டச்சுக்காகப் போட்டுக்கொண்ட என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவற்றின் சின்ன செட்டப்களையும் வைத்திருங்கள் என்றே சொல்வேன்.

டிரைவர்களில் ஒன்றை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். அது வைஃபை அல்லது கேபிள் வழி நெட்டுக்கான லேன் டிரைவர். விண்டோஸை மறுபடி போட்டதும் சில லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யாது; டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பென்டிரைவில் அது ஒன்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் கைரேகைக் கருவிக்கான சர்வீஸ் ஃபைலையும், ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அவை தளத்தில் கிடைக்கும் என்றாலும், வரிசையில் ஆள் நிற்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் என்றால் செட்டப்பை விட முக்கியம் லைசென்ஸ் சாவியும் பில்லும் வந்த மின்னஞ்சலும்தான்.

காசு கொடுக்காமல் சாஃப்ட்வேரைத் திறக்க என்று கிராக், கீஜென் என்ற பெயரில் வந்து சேர்ந்தவை வேறு கதை. அவற்றை யோசிக்காமல் அழிக்கலாம். வைரஸ் வீட்டுக்குள் வர அவை வழக்கமான வாசல். கை மாறி கை மாறிப் பென்டிரைவில் வந்த எந்த செட்டப்பையும் காப்பாற்றி வைக்கும் முன் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ் போய் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும், அதைத் தேர்ந்து டீடெயில்ஸ் அழுத்தினால் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்றும் சொல்லும். மிகப் பழைய செட்டப்களில் இந்தக் கையெழுத்தே இருக்காது, அதனால் இல்லாததெல்லாம் போலி என்று அர்த்தமில்லை. தெரிந்த நிறுவனத்தின் புதிய செட்டப்பில் அது இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

டேலி என்று ஆரம்பத்தில் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டேலி செட்டப்பை அழிப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து அதன் டேட்டா ஃபோல்டரில் இருக்கிறது. அதற்குள் 10000, 10001 என்று வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரி தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கு. பழைய டேலி இஆர்பி 9-ஐ எடுத்துவிட்டு டேலி பிரைம் போட்டவர்கள், "பழைய டேலிதானே" என்று அந்த ஃபோல்டரை முழுசாகத் தூக்கும் முன் உள்ளே டேட்டா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி அடுத்த பக்கம்: நாம் வைக்காமல் தானாக வந்து சேர்ந்தவை. இடம் பிடிப்பவை எவை என்று காட்டும் வின்டிர்ஸ்டாட் போன்ற கருவியை ஓட்டினால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒன்று பல ஜிபியோடு மேலே வந்து நிற்கும். சாதாரணமாகக் கண்ணில் படாத, மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் அது. உள்ளே அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் எம்எஸ்ஐ ஃபைல்களும் அப்டேட்டுக்கான எம்எஸ்பி ஃபைல்களும் குவிந்திருக்கும். செட்டப் ஃபைல் மாதிரியே இருக்கிறதே, இன்ஸ்டால்தான் முடிந்துவிட்டதே என்று தோன்றும். அழிக்காதீர்கள். எம்எஸ்ஐ முறையில் வரும் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றும்போது விண்டோஸ் அந்த செட்டப்பின் ஒரு நகலை இங்கே எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு அதை ரிப்பேர் செய்ய, அப்டேட் போட, அன்இன்ஸ்டால் செய்ய இந்த நகலைத்தான் தேடி வரும். டவுன்லோட்ஸில் இருந்த செட்டப்பை நாம் தைரியமாக அழிக்க முடிவதற்கே ஒரு காரணம் இந்த நகல்.

நகலை அழித்த அன்றைக்கு ஒன்றும் நடக்காது, சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் "நான் அழிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில மாதம் கழித்து அப்டேட் வரும்போது, இன்ன எம்எஸ்ஐ எங்கே என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அப்டேட்டும் ஏறாது, சாஃப்ட்வேரைக் கழற்றவும் முடியாது. இதற்காகவே மைக்ரோசாஃப்ட் ஒரு பழுது நீக்கும் கருவி தருகிறது என்றாலும் எல்லாச் சமயமும் அது கை கொடுக்கும் என்று நம்பிவிட முடியாது.

இதே வேலையைச் செய்யும் வேறு சில இடங்களும் உண்டு. புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் பேக்கேஜ் கேஷ், புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86-க்குள் இருக்கும் இன்ஸ்டால்ஷீல்டு இன்ஸ்டாலேஷன் இன்ஃபர்மேஷன், பல சாஃப்ட்வேர்களின் சொந்த ஃபோல்டரிலேயே கிடக்கும் 'யுனின்ஸ்000' என்ற ஃபைல். எல்லாம் பின்னால் கழற்றுவதற்காக வைத்தவை. பழைய ஆஃபீஸ் 2007, 2010 போட்ட கம்ப்யூட்டர்களில் எம்எஸ்ஓகேஷ் என்று மறைவாக ஒன்று இருக்கும், அதை எடுத்தால் ஆஃபீஸை ரிப்பேர் செய்யும்போது சிடி கேட்கும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரும் பலரைப் பதற வைக்கும். விண்டோஸின் பாகங்களெல்லாம் சேர்ந்திருக்கும் கிடங்கு அது. அதன் அளவு நிஜத்தை விடப் பெரிதாகவே காட்டும், ஏனென்றால் ஒரே ஃபைல் இங்கேயும் சிஸ்டம்32-இலும் இரண்டு பெயரில் தெரியும். வட்டில் பிடிப்பதோ ஒரே இடம். கையால் தொட வேண்டாம்.

ஹெச்பி லேப்டாப்பில் எஸ்டபிள்யூ செட்டப், கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர்களில் என்விடியா, ஏஎம்டி என்று சி டிரைவின் மேல்மட்டத்திலேயே சில ஃபோல்டர்கள் இருக்கும். இவை டிரைவர் ஏற்றும்போது பிரித்துப் போட்டவை. டிரைவர் ஒழுங்காக ஏறிவிட்டது என்றால் அழிக்கலாம். ஹெச்பியில் மட்டும், அழிக்கும் முன் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன வைஃபை டிரைவர் தொல்லைக்கும் சேர்த்து வழி பிறக்கும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பேசப்பட வேண்டியது விண்டோஸ்.ஓல்ட். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் நிறையப் பேர் 11-க்கு மாறினார்கள். அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் இந்த ஃபோல்டருக்குள் போய்விடும். சாதாரணமாகப் பத்து இருபது ஜிபி பிடிக்கும். புதியது பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். அதற்குப் பிறகு விண்டோஸே அதை அழித்துவிடும். அதனால் இடம் அவசரம் இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆனால் இந்த ஃபோல்டரில் உங்கள் சொந்தப் பொருளும் இருக்கலாம். சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் விண்டோஸ்.ஓல்டுக்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டரில் போய்க் கிடக்கும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் "மகள் சடங்கு போட்டோவெல்லாம் காணோம்" என்று தலையில் கை வைத்து உட்காரும் முன் அங்கே போய்ப் பாருங்கள். இருந்தால் உடனே வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அழிக்க வேண்டிய முறை இதுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் ஒரு பட்டியல் வரும். முந்தைய விண்டோஸ், பழைய அப்டேட்களின் மிச்சம், தற்காலிக ஃபைல்கள் எல்லாம் எத்தனை ஜிபி என்ற கணக்கோடு இருக்கும். வேண்டியதை டிக் செய்து ரிமூவ் கொடுத்தால் விண்டோஸ் தனக்குத் தேவையானதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி உண்டு. அது உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மொத்தமும்தான். செட்டப்போடு சேர்த்து ஆதார் பிடிஎஃப், மார்க் ஷீட் எல்லாம் போய்விடும். வேகமாக எல்லாக் கட்டத்தையும் டிக் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் கையை அடக்குங்கள். அதே பக்கத்தில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற தானியங்கி ஏற்பாட்டிலும் டவுன்லோட்ஸுக்குத் தனி வரி இருக்கிறது. அது நெவர் என்றே இருக்கட்டும்.

தற்காலிக ஃபைல்களைத் துடைக்கும் முன் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். சில செட்டப்கள் பாதி வேலையை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு முடிப்பதற்காக டெம்ப் ஃபோல்டரில் வைத்திருக்கும்.

டவுன்லோட்ஸில் நம் கையால் அழிக்கும்போது சைஸ் வாரியாக வரிசைப்படுத்திப் பெரியதிலிருந்து ஆரம்பித்தால் போதும். இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருப்பது மேலே இருக்கும் நாலைந்து ஃபைல்தான். 2 எம்பி ஃபைல்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஜிப் ஃபைலும் அதைப் பிரித்த ஃபோல்டரும் இரண்டும் இருந்தால் ஒன்று போதும். ஷிஃப்ட் டெலீட் வேண்டாம்; ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பிவிட்டுச் சில நாள் வழக்கம்போல வேலை பாருங்கள். எதுவும் முரண்டு பிடிக்கவில்லை என்றால் பின்னைக் காலி செய்யுங்கள். காலி செய்யும் வரை இடம் அதிகமாகாது என்பதால் பட்டை அதுவரை சிவப்பாகவே இருக்கும், பயப்பட வேண்டாம்.

மேக்கில் விஷயம் சுருக்கம். அங்கே செட்டப் போல வரும் டிஎம்ஜி ஃபைலைத் திறந்து ஆப்பை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்ட பிறகு, டிஎம்ஜியை இஜெக்ட் செய்துவிட்டு அழிக்கலாம். இழுத்துப் போடாமல் டிஎம்ஜிக்குள்ளிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஆப்பும் சேர்ந்து போய்விடும். லினக்ஸில், தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸ் ஆகட்டும் உபுண்டு ஆகட்டும், இறக்கிய தொகுப்புகள் ஆப்ட் என்ற இன்ஸ்டால் கருவியின் கிடங்கில் தங்கியிருக்கலாம். டெர்மினலில் 'சூடோ ஆப்ட் கிளீன்' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் அடித்தால் காலியாகும், ஏற்றிய சாஃப்ட்வேர் எதுவும் பாதிக்காது.

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக வந்த ஆப்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியிலிருந்து இறக்கிய ஏபிகே என்ற ஆப் செட்டப் ஃபைல் மட்டும் டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும், இன்ஸ்டால் ஆனதும் அழித்துவிடலாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே மோசடி. பத்திரிகை படமாகவோ பிடிஎஃபாகவோதான் வரும். அதைத் தொடாமலே அழியுங்கள். தெரியாமல் தட்டி இன்ஸ்டால் ஆகிவிட்டது என்றால் ஃபைலை அழிப்பதால் மட்டும் ஆப் போகாது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேறு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.